இரண்டாம் சூட்டில் வந்த நிறம்

ஒஹாயோவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்யும்போது நடந்த விற்பனையில், விளிம்பு பாவாடைக் கொசுவம்போல் நெளிந்த, திராட்சைக் கொத்து பதித்த ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை ஐந்து டாலருக்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சன்னலருகே வைத்தால் அது பொன்னாகவும் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னுகிறது என்றும், பக்கத்து வீட்டுக்காரர் அதைக் 'கார்னிவல் கிளாஸ்' என்று சொன்னார் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதுபோன்ற பழைய அமெரிக்கக் கலைக் கண்ணாடியை மக்கள் எதற்காக இப்படித் தேடிச் சேர்க்கிறார்கள், அதன் வரலாறு என்ன என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்ணாடிகளின் நிறமும் மினுக்கமும் தூரிகையால் பூசியவை அல்ல. பாத்திரம் உருவான பிறகு அதை மறுபடியும் உலை வாயில் காட்டிச் சூடேற்றியபோதோ, சூடு ஆறுமுன் அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தபோதோ, சில நொடிகளுக்குள் வந்தவை. அல்வா கிளறுபவர் பதம் பார்த்துச் சட்டியை இறக்குவதுபோல, ஒரு தொழிலாளி பதம் பார்த்து வெளியே எடுத்த அந்தக் கணம் நூறாண்டு கழித்தும் பாத்திரத்தின்மேல் அப்படியே நிற்கிறது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கணத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் கிண்ணமோ, நியூயார்க் செல்வந்தர்களுக்காகச் செய்யப்பட்ட பூச்சாடிகளுக்கு ஏழைத் தங்கை. அக்காவின் கதையைச் சொல்லாமல் தங்கையின் கதையைச் சொல்ல முடியாது.

கதை 1880களில் தொடங்குகிறது. அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்ணாடித் தொழில் பெருகியிருந்தது. இரும்பு அச்சில் உருகிய கண்ணாடியை ஊற்றி நெம்புகோலால் அழுத்திப் பாத்திரம் செய்யும் முறையை அந்த நாடு வெகு திறமையாகக் கையாண்டது. அதனால் கண்ணாடிப் பாத்திரம் எல்லோர் வீட்டிலும் புழங்கும் பொருளாகிவிட, வசதி படைத்தோர் வேறு ஏதாவது புதுமையை எதிர்பார்த்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த நியூ இங்கிலாந்து கண்ணாடி ஆலையில் பணிபுரிந்த ஜோசப் லாக் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 1883இல் காப்புரிமை பெற்ற 'ஆம்பரினா' அந்த எதிர்பார்ப்புக்குக் கிடைத்த முதல் பெரிய பதில்களில் ஒன்று. அடிப்பகுதியில் தேன் நிறமாக இருக்கும் ஆம்பரினாக் குவளை மேலே போகப்போக மாதுளைச் சிவப்பாக மாறும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியதுபோல் தோன்றினாலும் அது ஒரே கண்ணாடிதான். யாரோ ஒரு தொழிலாளியின் தங்க மோதிரம் தவறிக் கண்ணாடிக் கலவையில் விழுந்ததால் இந்த நிறம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் தங்கம் உண்மையிலேயே அதற்குள் இருக்கிறது.

தங்கம் அங்கே செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பலவற்றுக்கு இதுவே திறவுகோல். கண்ணாடிக் கலவையில் மிகச் சிறிதளவு தங்கத்தைக் கரைத்து உருக்கிப் பாத்திரமாக்கினால், முதலில் தங்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாத்திரத்தைச் சற்று ஆறவிட்டு, எந்தப் பகுதி சிவக்க வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் உலை வாயில் காட்டினால், கரைந்து கிடந்த தங்க அணுக்கள் நுண்ணிய துகள்களாகத் திரள்கின்றன. அந்தத் துகள்கள் ஒளியின் பச்சைப் பகுதியை உறிஞ்சிவிட்டுச் சிவப்பை விடுகின்றன. சூடு குறைந்தால் நிறம் வெளிறி நின்றுவிடும். கூடினால் சிவப்பு கறுத்துச் சேறுபோல் ஆகிவிடும், அல்லது பாத்திரத்தின் வடிவமே தளர்ந்துவிடும். எவ்வளவு நேரம் காட்டுவது, எந்தக் கோணத்தில் சுழற்றுவது என்பதை எந்தக் கருவியும் அன்று சொல்லவில்லை. அதனால்தான் ஒரே நாளில் ஒரே ஆள் செய்த இரண்டு ஆம்பரினாக் குவளைகளில்கூடச் சிவப்பு இறங்கி முடியும் இடம் ஒன்றாக இருக்காது.

இரண்டு ஆண்டுகளில், அதாவது 1885இல், அதே மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் இயங்கிய மவுண்ட் வாஷிங்டன் ஆலையைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஷெர்லி 'பர்மீஸ்' என்ற கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். இதில் தங்கத்தோடு யுரேனியமும் உண்டு. ஒளி ஊடுருவாத மென்மஞ்சள் நிற உடல், மேல்விளிம்பை நோக்கி ரோஜா நிறமாகக் கனியும். விக்டோரியா அரசிக்கு இதில் செய்த பாத்திரங்கள் அனுப்பப்பட்டன; பிறகு இங்கிலாந்தின் தாமஸ் வெப் நிறுவனம் உரிமம் பெற்று 'குவீன்ஸ் பர்மீஸ்' என்ற பெயரில் அதைச் செய்தது. இன்றும் பர்மீஸ் கண்ணாடியைச் சேகரிப்பவர்கள் சட்டைப் பையில் சிறிய புற ஊதா விளக்கை வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம். இருட்டில் அந்த ஒளி பட்டால் யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக ஒளிரும். யுரேனியம் என்றதும் பயப்பட வேண்டாம். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. அதிலேயே தினமும் காபி குடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பொருளுக்கு ஆசை எப்படி மூளுகிறது என்பதற்கு 'பீச்ப்ளோ' என்ற கண்ணாடி வகை நல்ல எடுத்துக்காட்டு. 1886இல் மேரி மார்கன் என்ற செல்வச் சீமாட்டியின் சேகரிப்பு நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அதிலிருந்த சிறிய சீனப் பீங்கான் சாடி ஒன்று 18,000 டாலருக்குப் போனது. பால்டிமோரின் வில்லியம் வால்டர்ஸ் அதை வாங்கினார். அந்நாளில் ஒரு தொழிலாளி வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் எட்டாத தொகை அது. செய்தித்தாள்கள் கேலியும் வியப்புமாக எழுதித் தள்ளின. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரிலிருந்த ஹாப்ஸ் ப்ரோக்குனியர் ஆலை வாய்ப்பை விடவில்லை. உள்ளே பால்வெள்ளைக் கண்ணாடி, அதன்மேல் மஞ்சளிலிருந்து செஞ்சிவப்புக்குப் போகும் இரண்டாம் அடுக்கு என்று அமைத்து, அந்தச் சாடியின் வடிவத்தையும் அது நின்ற தாங்கியையும்கூடக் கண்ணாடியிலேயே வார்த்துச் சந்தைக்கு அனுப்பியது. பணக்காரர் வாங்கியதைப் பார்த்து நடுத்தர வீட்டுக்காக ஒன்று செய்வது என்ற இந்த வழக்கம் அமெரிக்கக் கண்ணாடியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. வீலிங் என்ற ஊர்ப்பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிண்ணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு.

இனி அக்காவின் கதை. நகைக்கடை முதலாளி சார்லஸ் டிஃபனியின் மகன் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, 1848இல் பிறந்தவர், ஓவியராகத் தொடங்கிக் கண்ணாடிக்கு வந்தவர். மண்ணுக்குள் பல நூற்றாண்டு புதைந்து கிடந்த ரோமானியக் கண்ணாடிப் புட்டிகளின் மேற்பரப்பு சிதைந்து ஏடு ஏடாகப் பிரிந்திருப்பதால் அவை வானவில்போல மின்னுவதை அவர் கண்டார். காலம் செய்த அந்த வேலையை உலையில் செய்துகாட்ட விரும்பினார். இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் பகுதியிலிருந்து வந்த ஆர்தர் நாஷ் என்ற கைதேர்ந்தவரின் துணையோடு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் உலை அமைத்தார். 1894இல் தன் கண்ணாடிக்கு 'ஃபவ்ரில்' என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். கண்ணாடிக்குள்ளேயே உலோகச் சேர்மங்களைக் கலந்து, ஊதி வடிவம் கொடுத்து, சூடாக இருக்கும்போதே வெள்ளீயக் குளோரைடின் ஆவிக்குக் காட்டினால், மேற்பரப்பில் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஏடு படிகிறது. ஏட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. நம் புடவைக்கடைகளில் மயில்கழுத்து என்று சொல்லும் பட்டின் நிறமாற்றம், பாவும் ஊடையும் வேறுவேறு நிறமாக இருப்பதால் வருவது. உண்மையான மயிலின் கழுத்தில் நடப்பதும் இந்தக் கண்ணாடியில் நடப்பதும் ஒரே வகை ஒளி விளையாட்டு. டிஃபனியும் மயிற்பீலியின் கண்ணை வரைவடிவமாகக் கொண்ட சாடிகளைச் செய்திருக்கிறார்.

டிஃபனி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது விளக்குகள்தான். அவற்றில் ஒரு செய்தி நெடுநாள் மறைந்திருந்தது. கண்ணாடித் துண்டுகளைத் தேர்ந்து வெட்டும் வேலையைச் செய்தவர்கள் கிளாரா டிரிஸ்கால் என்பவரின் தலைமையில் இயங்கிய பெண்கள் குழுவினர்; பூக்கொத்துகள் தொங்கும் கொடி ஒன்றின் பெயர் கொண்ட, புகழ்பெற்ற 'விஸ்டீரியா' விளக்கை வடிவமைத்ததும் அவரே. ஏறக்குறைய 2,000 துண்டுகளைக் கொண்ட அந்த விளக்கில், கொடியின் மேற்பகுதியில் வெளிர்நீலமும் கீழே தொங்கும் பூக்கொத்தில் அடர்நீலமும் எங்கே எவ்வளவு வர வேண்டும் என்று ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள் அந்தப் பெண்கள். டிரிஸ்கால் தன் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் வெளிப்பட்ட பிறகு, 2007இல் நியூயார்க் வரலாற்றுக் கழகம் நடத்திய கண்காட்சியில்தான் இது பொதுமக்களுக்கு விரிவாகத் தெரிந்தது. அதுவரை எல்லாப் புகழும் முதலாளியின் பெயருக்கே போய்க்கொண்டிருந்தது.

ஸ்டவர்பிரிட்ஜிலிருந்து நாஷ் மட்டும் வரவில்லை. அதே வட்டாரத்தில் பயின்ற ஃபிரெட்ரிக் கார்டர் 1903இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் ஸ்டூபன் கண்ணாடி ஆலையைத் தொடங்கி, மறுஆண்டே 'ஆரீன்' என்ற பொன்னிற, நீலநிற மினுக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். கார்டரை இளம்வயதில் வழிநடத்தியவர் ஜான் நார்த்வுட். ரோமானியக் கண்ணாடியின் சிகரமாகக் கருதப்படும் போர்ட்லாந்து சாடியைக் கண்ணாடியிலேயே மறுபடி செதுக்கி 1876இல் முடித்துக் காட்டியவர். அந்த ஜானின் மகன் ஹாரி நார்த்வுட் 1881இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நான் முன்பு சொன்ன வீலிங்கின் ஹாப்ஸ் ப்ரோக்குனியர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1902இல், அதே ஆலைக் கட்டடத்தில் தன் சொந்த நிறுவனத்தை அமைத்தார். ஒரே குருவிடம் கற்ற கார்டர் செல்வந்தருக்கான ஆரீனைச் செய்ய, குருவின் மகன் சில்லறைக் காசுக்கு விற்கும் மினுக்கக் கண்ணாடியைச் செய்தார் என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி.

அந்தச் சில்லறைக் காசுக் கண்ணாடியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் நார்த்வுட் அல்ல. அவரிடம் இளம்வயதில் அலங்கார வேலை செய்த ஃபிராங்க் ஃபென்டன். ஃபிராங்கும் அண்ணன் ஜானும் 1905இல் ஒஹாயோவின் மார்ட்டின்ஸ் ஃபெரியில், பிறர் செய்த பாத்திரங்களை வாங்கி அலங்கரித்து விற்கும் கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். வெற்றுப் பாத்திரம் தருவதைப் பிறர் நிறுத்திவிடவே, ஆற்றின் அக்கரையில், மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் சொந்த ஆலை கட்டி, 1907 சனவரியில் முதல் கண்ணாடியை எடுத்தார்கள். அந்த ஆற்றங்கரை நெடுகக் கண்ணாடி ஆலைகள் குவிந்ததற்குக் காரணம் எளியது: நிலத்தடியில் இயற்கை எரிவாயு, பக்கத்திலேயே நல்ல மணல், சரக்கை ஏற்றிவிட ஒஹாயோ ஆறு.

1907-08 வாக்கில் ஃபென்டன் ஆலையில் நடந்தது இதுதான். டிஃபனியின் சாடி ஊதி உருவாவது. ஒரு சாடிக்கு ஒரு கலைஞரின் நெடுநேர உழைப்பு வேண்டும். ஃபென்டனில் அதே மினுக்கத்தை இரும்பு அச்சில் அழுத்திய சாதாரணக் கிண்ணத்தின்மேல் ஏற்றினார்கள். உலையிலிருந்து ஒருவர் கம்பியின் நுனியில் கண்ணாடிப் பாகைச் சுற்றி எடுத்து வருவார். அச்சின்மேல் அதைத் தொங்கவிட, அழுத்துபவர் கண்மதிப்பாகப் போதுமான அளவு விழுந்ததும் கத்தரியால் வெட்டி நெம்புகோலை இறக்குவார். அந்தக் கத்தரி பட்ட இடம் தழும்பாகப் பல கிண்ணங்களில் இன்றும் தெரியும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் விரிசல் என்று பயந்து திருப்பி வைத்துவிடுவார்கள். அச்சிலிருந்து வந்த கிண்ணத்தை அடிப்பாகத்தில் கவ்விப் பிடித்து மீண்டும் சூடாக்கி, இன்னொருவர் விளிம்பைக் கருவியால் நெளித்துவிடுவார். பிறகு புகைபோக்கி வைத்த கூண்டுக்குள் உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். இரும்புக் குளோரைடைத் தெளித்தால் நிறமற்ற கண்ணாடியின்மேல் ஆரஞ்சும் பொன்னுமான ஏடு படியும்; உங்கள் கிண்ணத்தில் இருப்பது அதுதான். சேகரிப்பவர்கள் அதற்கு 'மேரிகோல்டு', அதாவது துலுக்கச் சாமந்தி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியாக, மெல்ல மெல்ல ஆறவிடும் நீண்ட அடுப்பின் வழியே கிண்ணம் நகர்ந்து வெளியே வரும்.

அச்சு ஒன்று என்றாலும் விளைவு ஒன்றாக வருவதில்லை என்பதில்தான் இந்த மலிவுக் கண்ணாடியின் கவர்ச்சி இருக்கிறது. ஒரே அச்சில் பிறந்தவற்றில் ஒன்றின் விளிம்பை உள்ளே வளைத்து ரோஜாக் கிண்ணமாக்குவார்கள். இன்னொன்றை விரித்துத் தட்டாக்குவார்கள். தட்டையாக விரிப்பதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதால் தட்டுகள் குறைவு. அதனால் அதே வடிவக் கிண்ணத்தைவிடத் தட்டின் விலை இன்று பல மடங்கு. பூச்சாடிகளை இன்னும் சூடாக இருக்கும்போதே கம்பியோடு பிடித்து ஊஞ்சல்போல வீசுவார்கள்; வீசிய வேகத்தில் கண்ணாடி நீண்டுவிடும். ஒரே அச்சின் சாடிகளில் ஒன்று ஒரு சாண் உயரத்தில் குறுகி நிற்க, இன்னொன்று முழம் தாண்டி நிற்பதற்குக் காரணம், அன்று வீசியவரின் தோள் வலிமையே தவிர வேறில்லை. ஏட்டைத் தெளித்த பிறகு மீண்டும் சூடாக்கி விரித்தால், ஏடு விரிய மறுத்து வெங்காயத் தோல்போல நுண்ணிய வரிகளாகப் பிளக்கும். அதற்கு 'ஸ்ட்ரெட்ச் கிளாஸ்' என்று தனிப்பெயர் உண்டு.

நார்த்வுட் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவருடைய 'கிரேப் அண்ட் கேபிள்' என்ற திராட்சை வடிவம் கிண்ணம், தட்டு, குடம், பொடிப்பெட்டி என்று எத்தனையோ உருவங்களில் வந்தது. அவருடைய மயில் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: வேலியின்மேல் ஒரு மயில் தோகையைத் தொங்கவிட்டு நிற்க, கீழே இன்னொன்று திரும்பிப் பார்க்கும், கிண்ணத்தை இலேசாகச் சாய்த்தால் ஒளி தோகையின் வழியே ஓடும். ஜான் ஃபென்டன் தம்பியிடமிருந்து பிரிந்து மில்லர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1909இல் தனி ஆலை கட்டினார். அச்சு வேலையில் மிக நேர்த்தியானவை அங்கே வந்தன. கணக்கு வழக்கில் நேர்த்தி இல்லாமல் இரண்டே ஆண்டில் திவாலாகிவிட்டது. குறுகிய காலமே இயங்கியதால் அந்தப் பொருள்களுக்கு இன்று தனி மதிப்பு.

இவை எல்லாம் மொத்த வியாபாரிகளின் பட்டியல்கள் வழியாக நாடெங்கும் சில சென்ட் விலைக்குப் போயின. 'ஏழையின் டிஃபனி' என்று அவற்றை அழைப்பது சரியான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரின் மறுபக்கமும் உண்டு. பண்ணை வீட்டு அலமாரியில் மினுக்கக் கண்ணாடி வந்து உட்கார்ந்த பிறகு, நியூயார்க் மாளிகையில் அதற்கு என்ன கௌரவம்? டிஃபனியின் வகைப் பொருள்கள் மதிப்பிழந்ததற்கு நவீன பாணியின் வருகை பெரிய காரணம் என்றாலும், இந்த மலிவுக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. 1932இல் டிஃபனி ஸ்டுடியோஸ் திவாலானது. மறுஆண்டு டிஃபனி மறைந்தார். அவருடைய லாரல்டன் ஹால் மாளிகை 1957இல் எரிந்தபோது, ஹியூ, ஜெனட் மக்கீன் தம்பதி இடிபாடுகளிலிருந்து சன்னல்களையும் பிறவற்றையும் மீட்டார்கள். அவை இன்று ஃபுளோரிடாவின் வின்டர் பார்க்கில் உள்ள மோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குச் சரியாக நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், ஒரு டிஃபனி விளக்கு ஏலத்தில் 28 இலட்சம் டாலருக்கு விலைபோனது.

மலிவுக் கண்ணாடியும் 1920களில் மோகம் தீர்ந்து தேங்கியது. எஞ்சிய சரக்கு திருவிழாத் திடல்களில் வளையம் வீசி வெல்பவருக்குப் பரிசாகப் போனது என்று சொல்வார்கள். 'கார்னிவல்' என்ற பெயர் அந்த நினைவில் 1950களில் சேகரிப்பாளர்கள் இட்டது. செய்தவர்கள் அதை அப்படி அழைக்கவே இல்லை. ஃபென்டன் 'இரிடில்' என்றும் நார்த்வுட் 'கோல்டன் ஐரிஸ்' என்றும் விற்றார்கள். அமெரிக்காவில் மோகம் தீர்ந்த பிறகும் உலகின் பிற பகுதிகளில் தீரவில்லை. நம் நாட்டிலேயே ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடி ஆலை இதே முறையில் மீன் உருவச் சாடிகளையும் பிறவற்றையும் செய்தது. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றையும் தேடி வாங்குகிறார்கள்.

இந்தப் பழைமையைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கார்னிவல் கண்ணாடி வந்த அதே 1908இல் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் மேற்கு வர்ஜீனியா, இந்தியானா கண்ணாடி ஆலைகளில் எடுத்த படங்களைப் பாருங்கள்: நள்ளிரவில் உலைக்கு முன்னால் முகத்தில் கரியோடு நிற்கும் சிறுவர்கள். சூடான பாத்திரத்தை ஆறவிடும் அடுப்புவரை சுமந்து ஓடுவது அன்று அந்தத் தொழிலில் பையன்களின் வேலை. 'கைவேலையின் அழகு' என்று நாம் எழுதும்போது அந்தக் கைகளில் சிறு கைகளும் இருந்தன.

1930களின் பெருமந்தக் காலத்தில் வந்த மெல்லிய இளஞ்சிவப்பு, பச்சைக் கண்ணாடியை, ஓட்ஸ் பெட்டிக்குள் வைத்தும் திரையரங்கில் கொடுத்தும் இலவசமாகத் தள்ளினார்கள். அதற்கென்று தனிப்பெரும் சேகரிப்பாளர் கூட்டம் இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. ஃபென்டன் மட்டும் எல்லா அலையையும் தாண்டி வந்தது. அம்மை முத்துகள்போலப் புடைத்த குமிழ்கள் நிறைந்த பால்வெள்ளைப் பாத்திரங்களை 1952இல் கொண்டுவந்து பல ஆண்டுகள் அவற்றின் விற்பனையில் வாழ்ந்தது. பர்மீஸையும் கார்னிவலையும் 1970 வாக்கில் மீண்டும் செய்தது. 2007இல் மூடப்போவதாக அறிவித்தவுடன் சேகரிப்பாளர்கள் குவித்த கேட்பு ஆலையை மேலும் சில ஆண்டு ஓட வைத்தது. 2011இல் கண்ணாடி செய்வது நின்றது. ஸ்டூபன் ஆலை மூடப்பட்டதும் அதே 2011இல்தான்.

ஆலைகள் மூடினாலும் அச்சுகள் சாவதில்லை. புதிதாக வாங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. ஒரு நிறுவனம் முடங்கியதும் அதன் இரும்பு அச்சுகளை இன்னொன்று வாங்கும். ஐம்பது ஆண்டு கழித்து அதே அச்சில் அதே வடிவம் மீண்டும் வரும். அதனால் வடிவத்தை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. டிஃபனி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம்: அடியில் பெயரைக் கீறுவதற்கு ஒரு சிறு துளைக்கருவி போதும் என்பதால், கையெழுத்தைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். பொருளை முதலில் பார்க்க வேண்டும், பெயரைக் கடைசியில்தான். நெடுங்காலம் அலமாரியில் இழுபட்ட பாத்திரத்தின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், பல திசைகளில் ஓடும் மெல்லிய கீறல்கள் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த போலிக் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருக்கும், தரையைத் தொடாத இடத்திலும் இருக்கும்.

சரி, உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். அதைக் கவிழ்த்து வைத்து, ஏடு படியாத அடிவளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். நிறமற்றிருந்தால் மேரிகோல்டு, ஊதாவோ பச்சையோ அடர்நீலமோ தெரிந்தால் உங்களுக்கு ஐந்து டாலருக்கும் மேலான அதிர்ஷ்டம், சிவப்பாக இருந்தால் யாரிடமும் சொல்லாமல் ஒரு நிபுணரிடம் கொண்டுபோங்கள். அடுத்து, உட்புறத்தின் நடுவிலும் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட 'என்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நார்த்வுட் என்று நம்ப இடமுண்டு. இருந்தாலும் பிற்காலத்தில் இதைப்போன்ற குறியை இட்டவர்களும் இருந்ததால், அடிக்கோட்டையும் எழுத்தின் கால்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். 'ஐ', 'ஜி' என்ற இரண்டு எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அது ஒஹாயோவின் பெல்லேரில் இருந்த இம்பீரியல் ஆலை பழைய திராட்சை அச்சிலேயே 1960களிலும் பிறகும் மீண்டும் செய்தது. முட்டை வடிவத்துக்குள் 'ஃபென்டன்' என்று இருந்தால் 1970க்குப் பிந்தியது. குறியே இல்லாவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். ஃபென்டன் தொடக்க காலத்தில் குறி இட்டதே இல்லை, நார்த்வுட்டும் எல்லாவற்றிலும் இட்டதில்லை. ஃபென்டனும் நார்த்வுட்டின் திராட்சை வடிவத்தைப் பார்த்து ஏறக்குறைய அதேபோல ஒன்றைச் செய்தது என்பதால், இலை நரம்புகளையும் கொத்தின் அமைப்பையும் படங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

விலையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இணைய ஏலம் வந்த பிறகு அரிது என்று நினைத்த பலவும் வீட்டுக்கு வீடு கிடந்தது தெரியவந்து, சாதாரண மேரிகோல்டு கிண்ணங்களின் விலை இறங்கிவிட்டது. எப்படியும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டிலும் காரத்திலும் ஏடு மங்கிவிடும், மங்கிய ஏடு திரும்ப வராது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, கழுவுதொட்டியின் அடியில் மடித்துப் போட்ட துண்டு, இவை போதும். துடைத்த பிறகு சன்னலருகே வைத்து, அடிவளையத்தின் நிறத்தையும் குறியையும் குறித்து எழுதுங்கள். எந்த ஆலை என்று சேர்ந்து பார்ப்போம்.